நித்திரையும் விசுவாசம்தான்

எங்கள் ஆட்கள் ஒருவரைப் பாராட்டும்போது கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் அவருடைய நித்திரையைப் பற்றித்தான் பேசுவார்கள். "அந்தப் பிள்ளை விடிய ரெண்டு மணி மட்டும் இருந்து படிக்கும்." "அவர் ரெண்டு வேலை செய்யிறார், நாலு மணித்தியாலம்தான் படுக்கிறவர்." "அந்த அன்ரி சாமத்தில எழும்பி முழங்காலில நிண்டு ஜெபிக்கிறவ." படிப்பு, உழைப்பு, பக்தி மூன்றுக்கும் எங்கள் வீடுகளில் ஒரே அளவுகோல்தான்: எவ்வளவு குறைவாகப் படுக்கிறாய் என்பது. எட்டு மணித்தியாலம் படுக்கிற பிள்ளைக்கும் ஒரு பெயர் இருக்கிறது. சோம்பேறி.

அந்த அளவுகோல் பிழை என்பது என் கருத்து. உடம்புக்குக் கூடாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கிறிஸ்தவர்களாக நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நம்புவதாகச் சொல்வதை அது திங்கட்கிழமை இரவே மறுத்துவிடுகிறது. எல்லாம் கடவுள் கையில் என்று பாடிவிட்டு, எல்லாம் என் கையில்தான் என்பதுபோல விடிய மூன்று மணிவரை விழித்திருக்கிறோம்.

இதை வாசிக்கிற எல்லாரும் கிறிஸ்தவர்கள் இல்லை என்று தெரியும். உடம்பைப் பற்றிச் சொல்வது எல்லாருக்கும் பொது. மற்றதை, பக்கத்து வீட்டில் என்ன நம்புகிறார்கள் என்று பார்ப்பதுபோல வாசியுங்கள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

இதற்காக அம்மா அப்பாமாரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இலங்கையிலிருந்து வந்தவர்கள் பலருக்கு, எவ்வளவு நேரம் படுப்பது என்பது அவர்கள் தீர்மானிக்கிற விசயமாக இருக்கவில்லை. ஊரில் ஹெலிகொப்டர் சத்தத்துக்கும் ஷெல் சத்தத்துக்கும் காதைக் கொடுத்தபடி படுத்தவர்கள். சாமத்தில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் ஓடியவர்கள். இங்கே வந்தபிறகு இரவு வேலை.

என் அப்பா இங்கே ரொறன்ரோவில் ஒரு தொழிற்சாலையில் பல வருசம் இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை வேலை செய்தார். பகலில் அவர் படுக்கும்போது யன்னலில் ஒரு தடித்த போர்வையைக் கட்டிவிடுவோம். ரீவி சத்தம் வைக்கக்கூடாது. போன் அடித்தால் முதல் மணியிலேயே ஓடிப்போய் எடுக்க வேண்டும். அப்படியிருந்தும் அவர் ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் படுத்ததை நான் கண்டதில்லை.

அவர்கள் தங்கள் நித்திரையை விற்றுத்தான் எங்களுக்கு வீடு வாங்கினார்கள். அது தியாகம், அதை மறக்கக்கூடாது. ஆனால் ஒரு தலைமுறை வேறு வழியில்லாமல் இழந்ததை, அடுத்த தலைமுறை பெருமைக்காக இழப்பது தியாகத்தைத் தொடர்வது ஆகாது. அப்பா பகலில் போர்வை கட்டிப் படுத்தது நான் இரவில் படுக்க வேண்டும் என்பதற்காக. அவர் வாங்கித் தந்ததை எடுத்துக்கொள்வதுதான் நான் அவருக்குக் கொடுக்கிற மரியாதை.

உடம்பு கேட்பது என்ன?

நாங்கள் படுத்திருக்கும்போது மூளை சும்மா இருப்பதில்லை. பகலில் படித்ததை அது நிலைப்படுத்துவதில் பெரிய பங்கு நித்திரையில் நடக்கிறது. சோதனைக்கு முதல்நாள் இரவு முழுக்க விழித்திருந்து படிப்பது, பத்துப் பக்கம் தட்டச்சு செய்துவிட்டு சேவ் பண்ணாமல் கொம்பியூட்டரை மூடுவது போன்றது.

எவ்வளவு தேவை? கனடாவின் 24 மணிநேர அசைவு வழிகாட்டி 14 முதல் 17 வயதுக்கு 8 முதல் 10 மணித்தியாலம் என்கிறது. 18 முதல் 64 வயதுக்கு 7 முதல் 9. எங்கள் வீடுகளில் சோம்பேறித்தனம் என்று சொல்லப்படும் அதே எட்டு மணித்தியாலம், பதின்ம வயதினருக்கு ஆகக் குறைந்த அளவு.

இன்னொன்றையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். பதின்ம வயதில் உடம்பின் மணிக்கூடே பிந்தி ஓடத் தொடங்குகிறது. நித்திரைக்கு உடம்பைத் தயார்ப்படுத்தும் மெலற்றோனின் என்ற ஹோர்மோன் சிறுபிள்ளைகளைவிடப் பிந்தித்தான் சுரக்கிறது. பத்து மணிக்கு நித்திரை வரவில்லை என்று சொல்லும் 16 வயதுப் பிள்ளை நடிக்கவில்லை. காலை ஆறரைக்கு எழும்ப முடியாமல் கிடக்கும்போதும் அது நடிக்கவில்லை. இதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் 2014 இல், நடுநிலை, உயர்நிலைப் பாடசாலைகள் காலை 8.30 க்கு முன் தொடங்கக்கூடாது என்று பரிந்துரைத்தது. கலிபோர்னியாவில் 2022 முதல் பெரும்பாலான உயர்நிலைப் பாடசாலைகளுக்கு அது சட்டமாகவே இருக்கிறது.

நித்திரை குறைந்தால் வரும் ஆபத்து சோதனைப் புள்ளிகளோடு முடிவதுமில்லை. தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருக்கும் ஒருவரின் கவனமும் வேகமும், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரின் நிலைக்குக் கிட்ட இறங்கிவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒன்ராறியோவில் அந்த அளவோடு வாகனம் ஓட்டினால் அனுமதிப்பத்திரத்தை அந்த இடத்திலேயே இடைநிறுத்துவார்கள். காலை ஏழு மணிக்கு எழும்பி, முழு இரவு ஜெபத்துக்குப் போய், விடிய மூன்று மணிக்கு நாலு பேரை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் வரும் இளைஞர் 20 மணித்தியாலம் விழித்திருக்கிறார். அவர் ஒரு துளியும் குடித்திருக்க மாட்டார். ஆனால் ஸ்ரியறிங்கைப் பிடித்திருக்கிற கைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

வேதாகமத்தில் நித்திரை கொண்டவர்கள்

எங்கள் சபைகளில் விழித்திருப்பதைப் பற்றிப் பிரசங்கம் கேட்ட அளவுக்கு நித்திரையைப் பற்றிக் கேட்டதில்லை. ஆனால் வேதாகமத்தில் அது நிறையவே இருக்கிறது.

எலியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று இராஜாக்கள் 19 ஆம் அதிகாரம். உயிருக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழே இருந்து, செத்தால் போதும் என்று கேட்கிறார். இன்று ஒருவர் அப்படிச் சொன்னால் எங்களில் பலர் உடனே புத்தி சொல்லத் தொடங்கிவிடுவோம். அங்கே என்ன நடக்கிறது? எலியா நித்திரையாகிறார். தூதன் தட்டியெழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுக்கிறான். எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுக்கிறார். தூதன் இரண்டாம் தரமும் வந்து சாப்பிடச் சொல்கிறான். கண்டிப்பு ஒன்றும் இல்லை. கடவுள் அவரோடு பேசுவது அதற்கெல்லாம் பிறகு, ஓரேப் மலையில். சாப்பாடும் நித்திரையும் முதலில் வந்தன.

அடுத்தது இயேசு. படகு புயலில் அகப்பட்டுத் தண்ணீர் நிரம்பிக்கொண்டிருக்கிறது. சீஷர்கள் கத்துகிறார்கள். அவர் படகின் பின்பக்கத்தில் தலையணை வைத்து நித்திரை கொள்கிறார். மாற்கு அந்தத் தலையணையைக்கூட மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார். நாள் முழுக்கச் சனங்களுக்குப் போதித்துக் களைத்த ஒரு மனிதருடைய நித்திரை அது. அவருக்கே நித்திரை தேவைப்பட்டதென்றால், எங்களுக்குத் தேவையில்லை என்று சொல்ல நாங்கள் யார்?

மூன்றாவது ஆள் எனக்கு மிகவும் பிடித்தவர். அப்போஸ்தலர் 20 ஆம் அதிகாரத்தில் வரும் ஐத்திகு என்ற வாலிபன். துரோவா பட்டணத்தில் பவுல் நடுச்சாமம் வரை பிரசங்கம் செய்கிறார். யன்னலில் இருந்த ஐத்திகு நித்திரை தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்துவிடுகிறான். செத்துப்போனான் என்றே நினைக்கிறார்கள். பவுல் இறங்கிப் போய் அவனை அணைத்துக்கொள்கிறார். பையன் உயிரோடு வீட்டுக்குப் போகிறான். பிரசங்கத்தில் நித்திரை கொண்டாய் என்று யாரும் அவனை ஏசியதாக எழுதவில்லை. எங்கள் சபைகளில் பின்வரிசையில் தலை ஆடும் ஒவ்வொரு பிள்ளையையும் பார்க்கும்போது ஐத்திகுவை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு வரும் பதில் எனக்குத் தெரியும். இயேசு இரவு முழுக்க ஜெபித்தாரே? கெத்செமனேயில் சீஷர்கள் நித்திரை கொண்டது பிழைதானே? உண்மை. பன்னிருவரைத் தெரிவுசெய்வதற்கு முதல் இயேசு ஓர் இரவு முழுக்க ஜெபித்தார் என்று லூக்கா சொல்கிறார். பிடிபடப்போகிற இரவில் தன்னோடு விழித்திருக்கக் கேட்டார். இரண்டும் வாழ்க்கையில் திரும்பி வராத இரவுகள். அப்படி ஓர் இரவு உங்களுக்கும் வரலாம். ஆஸ்பத்திரியில் ஒருவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய இரவு, கைவிட முடியாத ஒரு தீர்மானத்தின் இரவு. அன்றைக்கு விழித்திருங்கள். அதை ஒவ்வொரு வெள்ளிக்கிழமைக்கும் நேர அட்டவணை ஆக்குவது வேறு விசயம்.

ஜெபத்தையே தொழிலாகக் கொண்ட துறவிகள்கூட இதை விளங்கிக்கொண்டிருந்தார்கள். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித பெனடிக்ற் எழுதிய துறவற ஒழுங்கில், குளிர்காலத்தில் இரவின் பாதிக்குமேல் நித்திரை கொண்டபின்தான் ஜெபத்துக்கு எழும்ப வேண்டும் என்று இருக்கிறது. சாப்பிட்டது சமித்திருக்க வேண்டும் என்ற காரணத்தையும் சொல்கிறார். இரவு ஜெபம் முடிந்தபின் ஒருவரும் கதைக்கக்கூடாது என்பதும் அதில் ஒரு விதி. போன் இல்லாத காலத்திலேயே அப்படி ஒரு விதி தேவைப்பட்டிருக்கிறது.

சங்கீதம் 127, வீட்டைக் கடவுள் கட்டாவிட்டால் அதிகாலையில் எழும்பி இரவில் பிந்திப் படுப்பதில் பயனில்லை என்ற கருத்தைச் சொல்லி, நித்திரையைக் கடவுள் தன் பிரியமானவர்களுக்குக் கொடுக்கும் கொடையாகப் பேசுகிறது. தமிழ் வேதாகமம் அங்கே பாவிக்கும் சொல்லும் எங்கள் வீடுகளில் பேசும் அதே நித்திரைதான். சங்கீதம் 121 இல் கடவுள் நித்திரை கொள்வதில்லை என்று இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் எனக்குக் கிடைப்பது இது: யாராவது ஒருவர் விழித்திருக்கத்தான் வேண்டும், ஆனால் அது நான் இல்லை.

இரவில் என்ன செய்யலாம்?

நம்பிக்கை இருந்தால் பழக்கம் தேவையில்லை என்று நினைக்க வேண்டாம். தூதன் எலியாவுக்கு அப்பமும் கொண்டு வந்தான்.

முதலாவது, எழும்பும் நேரம். எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழும்புங்கள். கிழமை நாட்களில் ஏழு மணிக்கும் சனிக்கிழமை பத்து மணிக்கும் எழும்பினால், ஒவ்வொரு வார இறுதியும் உங்கள் உடம்பு வான்கூவருக்குப் போய் வருகிறது. ரொறன்ரோவுக்கும் வான்கூவருக்கும் மூன்று மணித்தியாலம்தான் வித்தியாசம். சனி இரவு ஹோலில் பிறந்தநாள் விழா, நடுச்சாமம் தாண்டி வீடு, ஞாயிறு காலை ஆராதனை. திங்கட்கிழமை தலை பாரமாக இருப்பதில் ஆச்சரியம் என்ன?

இரண்டாவது, வெளிச்சம். காலை வெளிச்சம்தான் உடம்பின் மணிக்கூட்டைச் சரிசெய்கிறது. டிசம்பர் கடைசியில் ரொறன்ரோவில் சூரியன் எழும்ப எட்டு மணிக்குக் கிட்ட ஆகிவிடும், ஐந்து மணிக்கு முன்னரே மறைந்துவிடும். இருட்டில் போய் இருட்டில் வருகிறவர்கள் மதிய இடைவேளையில் பத்துப் பதினைந்து நிமிடமாவது வெளியே நடங்கள்.

மூன்றாவது, கோப்பியும் தேத்தண்ணியும். குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போக ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் எடுக்கும், சிலருக்கு அதைவிடக் கூட. மாலை ஐந்து மணிக்குக் குடித்ததில் பாதி இரவு பத்து மணிக்கும் உள்ளே இருக்கிறது. அம்மா இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அன்போடு தரும் பிளேன் ரீயிலும் கஃபீன் உண்டு. ஒன்பதரை மணிக்கு வயிறு நிறையச் சோறு சாப்பிட்டுப் பத்தரைக்குப் படுக்கிற எங்கள் வழக்கத்தையும் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டு வரலாம்.

நான்காவது, போன். அதை வேறு அறையில் சார்ஜ் பண்ணுங்கள், எழுப்புவதற்கு ஒரு மலிவான அலாரம் மணிக்கூடு வாங்குங்கள். எங்களுக்கு இதில் ஒரு தனிப் பிரச்சினையும் இருக்கிறது. குளிர்காலத்தில் ரொறன்ரோவில் இரவு பத்து மணி என்றால் யாழ்ப்பாணத்தில் காலை எட்டரை. குடும்ப வாட்ஸ்அப் குழு எழும்புவதே நாங்கள் படுக்கப் போகும் நேரத்தில்தான். பெரியம்மாவின் காலை வணக்கம் விடியும்வரை காத்திருக்கும். வேதாகமத்தைப் போனில் வாசிப்பவர்கள் இரவுக்கு மட்டும் அச்சுப் புத்தகத்தை எடுங்கள். சங்கீதத்துக்கும் இன்ஸ்ராகிராமுக்கும் இடையில் ஒரு விரல் தூரம்தான்.

ஐந்தாவது, நித்திரை வராவிட்டால் கட்டிலில் கிடந்து சண்டை பிடிக்காதீர்கள். இருபது நிமிடம் போல ஆகிவிட்டது என்று தோன்றினால் எழும்பி, மங்கலான வெளிச்சத்தில் ஒரு கதிரையில் இருங்கள். கண் சொருகும்போது திரும்பிப் போய்ப் படுங்கள். கட்டில் என்றால் நித்திரை என்று உடம்பு திரும்பப் பழக வேண்டும்.

கடைசியாக, நாளைய கவலைகளைக் கடதாசியில் எழுதுங்கள். 2018 இல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளையவர்களை வைத்துச் செய்த ஆய்வில், படுக்கமுன் ஐந்து நிமிடம் நாளை செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், அன்று செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிடக் கெதியாக நித்திரையானார்கள். நான் இதோடு ஜெபத்தைச் சேர்த்திருக்கிறேன். நாளைக்குரியதை எழுதுவேன். அன்றைய நாளில் நன்றி சொல்ல வேண்டிய ஒன்றை நினைப்பேன். பிறகு, "இது இனி உம்முடைய பொறுப்பு" என்று சொல்லிக் கொப்பியை மூடிவிடுவேன்.

ஜெபம் நித்திரைக் குளிசை இல்லை

இதைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் தீங்காகக்கூட முடியலாம். நித்திரை வருவதற்காக ஜெபிக்காதீர்கள். நித்திரை, பிடிக்கப் பிடிக்க ஓடுகிற பிராணி. "ஜெபித்தேன், இன்னும் வரவில்லையே" என்று மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கினால், நித்திரையும் போய் ஜெபமும் ஒரு சோதனை ஆகிவிடும். விடிய இரண்டு மணிக்கு, என் விசுவாசம் குறைவோ என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும். கடவுளோடு பேச விருப்பம் என்பதற்காக ஜெபியுங்கள். நித்திரை வந்தால் சந்தோசம். வராவிட்டாலும் நீங்கள் தனியே இல்லை.

கிழமைக்கு மூன்று இரவாவது நித்திரை வராமல் அது மூன்று மாதம் நீடித்தால், அதற்கு மருத்துவத்தில் பெயர் உண்டு, சிகிச்சையும் உண்டு. வளர்ந்தவர்களின் நாட்பட்ட நித்திரையின்மைக்கு மாத்திரைக்கு முன், நித்திரைக்கென்றே உருவாக்கிய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016 இல் பரிந்துரைத்தது. குடும்ப வைத்தியரிடம் அதைக் கேளுங்கள். அப்பா பலமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று, திணறி எழும்புகிறாரா? பகலில் இருந்த இடத்தில் கண் மூடுகிறாரா? வீட்டில் அது பகிடியாக இருக்கலாம். ஆனால் அது நித்திரையில் மூச்சுத் தடைப்படும் நோயின் அறிகுறி. அவரை வைத்தியரிடம் கூட்டிப் போங்கள், மொழிபெயர்க்க நீங்களும் உள்ளே போங்கள். அம்மா இன்னும் பழைய சத்தங்களைக் கனவில் கேட்டுத் திடுக்கிட்டு எழும்புகிறார் என்றால், அதற்கும் உதவி உண்டு என்று சொல்லுங்கள்.

எலியாவைப் போல, செத்தால் போதும் என்ற நினைவோடு நீங்கள் இரவுகளைக் கடத்துகிறீர்கள் என்றால், விடியும்வரை காத்திருக்க வேண்டாம். கனடாவில் 988 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். வேறு நாடுகளில் இருப்பவர்கள் உங்கள் நாட்டின் அவசர உதவி இலக்கத்தை இப்போதே தேடி எழுதி வையுங்கள். ஒருவரை எழுப்புங்கள். தூதர்கள் சிலவேளை பக்கத்து அறையில் படுத்திருக்கும் அக்காவின் வடிவத்திலும் வருவார்கள்.

போதகர்களிடம் ஒரு வேண்டுகோள். இரவு ஜெபத்தைப் பத்து மணிக்கு முடிக்க முடியுமா என்று யோசியுங்கள். முழு இரவு ஜெபம் வைத்தால் அடுத்த நாள் காலைப் பாடல் பயிற்சியை வைக்காதீர்கள், களைத்த பிள்ளைகளை வாகனம் ஓட்ட விடாதீர்கள். நித்திரை வரவில்லை என்று வருகிறவரிடம் விசுவாசம் போதாது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

அம்மா, அப்பா, உங்களிடமும் ஒன்று. நாங்கள் படுப்பது உங்கள் உழைப்பை மறந்ததால் அல்ல. முடிந்தால் நீங்களும் படுங்கள். வீட்டுக்கடனும் எங்கள் படிப்பும் நாளைக்கும் அங்கேதான் இருக்கும்.

என் வயதுக்காரர்களே, அடுத்த முறை யாராவது உங்களைச் சோம்பேறி என்றால் வாதம் செய்யாதீர்கள். லைற்றை அணைத்துவிட்டுப் படுங்கள். உலகம் இந்த ஓர் இரவு உங்கள் உதவியில்லாமல் சுற்றும்.